ஞாயிறு படுகை நடை: உறுப்பினர்களுக்கு

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு காலை 6 மணிக்குக் கொள்ளிடக் கரையில் கூடுகிறோம், வழக்கமான ஆலமரத்தடியில். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். படுகை, அதாவது ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள நிலம், முழுக்கக் கருவேல முள்.

"வெள்ளத்தைத் தடுக்கக் கரையை இன்னும் இரண்டு அடி உயர்த்தினால் போதாதா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். நெதர்லாந்தில் பல காலம் அதைத்தான் செய்தார்கள். 1995-இல் வெள்ள பயத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் ஆற்றுக்கே இடம் விடலாம் என்று முடிவெடுத்தார்கள். நைமேகன் நகரருகே வால் (Waal) என்ற ஆறு வளைந்து குறுகும் இடத்தில், எதிரே உள்ள லென்ட் ஊர்ப் பக்கத்துக் கரையை 350 மீட்டர் நிலத்துக்குள் தள்ளிக் கட்டி, நடுவில் இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். வெள்ள மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் இறங்கியது. சரி, சும்மா நடக்கவில்லை; அதற்காகப் பல வீடுகளை இடித்தார்கள். இதை மறைத்து வெற்றிக்கதை மட்டும் பகிர்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நமக்கு அந்த இடம் படுகைதான். வெள்ளம் அதில் பரவி, வேகம் குறைந்து, வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். எங்கெல்லாம் மேடாக்கியிருக்கிறார்கள், வெள்ளம் எதுவரை ஏறிய தடம் மரங்களில் தெரிகிறது என்று பார்ப்போம். படம் எடுக்கலாம், யாருடைய கொல்லை என்று பெயர் போட்டுக் குழுவில் பகிர வேண்டாம்.

மோர் என் பொறுப்பு. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே ஒரு கட்டைவிரல் போட்டுவிடுங்கள்.