திரும்பப் போடாதே, திரையைப் படி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முழங்கால் வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய், ரொம்ப நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடிப் பவர்தான் இன்னும் ஏறியிருக்கிறது, அதனால் கணினி கிளம்பவில்லை என்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கறுப்புத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். 'எரர்: நோ சச் பார்ட்டிஷன்', அதாவது டிஸ்க்கில் அப்படியொரு பகுதி இல்லை என்று. அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி, கிரப் என்பது லினக்ஸை ஏற்றிக் கிளப்பும் பூட்லோடர் நிரல். அவ்வளவுதான்.

லினக்ஸ் உனக்கு ஒத்துவரவில்லை போல, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட்டுவிடவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கணினி கிளம்பவில்லை என்றதும் எல்லோரும் முதலில் கையை வைப்பது அதில்தான், என்னைக் கேட்டால் கடைசியில் செய்ய வேண்டியது அது. நீ போட்ட லினக்ஸும் அதற்குள் நீ சேர்த்துவைத்த படங்களும் அநேகமாக அப்படியே இருக்கின்றன. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, கதவு எண் மாறிவிட்டது, அவ்வளவே.

எப்படிச் சொல்கிறேன் என்றால், கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: விண்டோஸுக்குள் போய், பெயரில்லாத ஒரு சின்னப் பார்ட்டிஷன் சும்மா கிடக்கிறதே என்று அதை நீக்கினேன் என்று. அதுதான் விஷயம். உன்னுடையது பயாஸ் என்ற பழைய தொடக்க நிரல் உள்ள கணினி, டிஸ்க்கும் பழைய எம்பிஆர் முறையில் பிரித்தது. அந்த முறையில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்கு எண்களோடு முடிந்துவிடும், அவற்றில் ஒன்றுக்குள் அடங்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு எண் 5-இலிருந்து ஆரம்பம். நிறுவியபோது 5 ஸ்வாப்பாகவும் (நினைவகம் போதாதபோது லினக்ஸுக்கு உதவும் இடம்) 6 லினக்ஸின் வீடாகவும் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். விண்டோஸுக்கு ஸ்வாப் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் அது உனக்குப் பெயரில்லாத இடமாகத் தெரிந்திருக்கிறது. 5-ஐ நீக்கியதும் பின்னால் இருந்த 6 முன்னால் நகர்ந்து 5 ஆகிவிட்டது. கிரப் இன்னும் 6-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது.

கிரப்புக்கு ஏன் இது தானாகத் தெரியவில்லை என்று நீ கேட்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. டிஸ்க்கின் முதல் செக்டார் மொத்தமே 512 பைட். அதில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட்டும் கடைசி அடையாளத்துக்கு 2 பைட்டும் போக, நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். இவ்வளவு இடத்தில் என்னத்தை எழுதுவது? அதனால் அங்கே ஒரு துளி மட்டும் உட்காருகிறது. அது அடுத்து இருக்கும் காலி இடத்திலிருந்து இன்னும் கொஞ்சத்தைக் கூப்பிடுகிறது, அந்தக் கொஞ்சத்துக்குள்தான் "மீதி எல்லாம் 6-ஆம் பார்ட்டிஷனில் இருக்கிறது" என்று எழுதிவைத்திருக்கிறது. பட்டியல் காட்டுகிற பகுதி, 'நார்மல்' என்கிற மாட்யூல், எல்லாம் அந்த மீதியில் சேர்த்தி. அது கிடைக்காதபோது கையில் இருக்கிற நாலைந்து கட்டளைகளோடு நிற்கிற நிலைதான் ரெஸ்க்யூ. பயமுறுத்துகிற பெயர், ஆனால் உண்மையில் அது "எங்கே என்று சொல், போகிறேன்" என்று காத்திருக்கிறது.

சரி, சொல்லிவிடலாம். அந்தத் திரையிலேயே 'எல்எஸ்' என்று அடித்து என்டர் தட்டு. அடைப்புக்குள் எச்டி0, எச்டி0 கமா எம்எஸ்டாஸ்1 என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றாக, எல்எஸ் போட்டு அந்தப் பெயரை அடைப்போடு எழுதி, கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்துக் கேள். சாய்கோட்டை விட்டுவிடாதே, அது இருந்தால்தான் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும். விண்டோஸ் பார்ட்டிஷனைக் கேட்டால் 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்' என்று சொல்லும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பைப் படிக்கிற மாட்யூல் இன்னும் ஏறவில்லை என்பதுதான் அதன் பொருள். பூட், ஹோம், ஈடிசி என்று பெயர்கள் வருகிற இடம் உன்னுடையது. அநேகமாக எம்எஸ்டாஸ்5-இல் வரும்.

வந்ததும், 'செட் பிரிஃபிக்ஸ்' என்று எழுதி, சமக்குறி போட்டு, அந்தப் பெயரை அடைப்போடு கொடுத்து, பின்னால் சாய்கோடு பூட் சாய்கோடு கிரப். அடுத்து 'செட் ரூட்', சமக்குறி, அதே பெயர். அப்புறம் 'இன்ஸ்மாட் நார்மல்'. கடைசியாக வெறும் 'நார்மல்'. பழக்கமான பட்டியல் வந்துவிடும். அங்கிருந்து லினக்ஸ் ஏறுவதில் சிக்கல் இருக்காது, ஏனென்றால் அந்தப் பட்டியல் பார்ட்டிஷனை எண்ணை வைத்துத் தேடுவதில்லை, யூயூஐடி என்கிற நீண்ட அடையாளத்தை வைத்துத் தேடுகிறது. அது எண் மாறினாலும் மாறாது.

ஏறிய கையோடு டெர்மினலைத் திறந்து, நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடு 'கிரப்-இன்ஸ்டால்' ஓட்டு, டிஸ்க்கின் பெயராக சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்டிஏ என்று மட்டும் கொடு, பக்கத்தில் எண் சேர்க்காதே, முழு டிஸ்க்குக்கும் போட வேண்டியது அது. பிறகு 'அப்டேட்-கிரப்'. இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த முறையும் அதே கறுப்புத் திரைதான், ரெஸ்க்யூவில் அடித்ததெல்லாம் அந்த ஒரு முறைக்கு மட்டும். ஒருவேளை எல்லாப் பார்ட்டிஷனும் அன்னோன் என்றே சொன்னால் நிறுத்திக்கொள், எதையும் எழுதாதே. நிறுவப் பயன்படுத்திய யுஎஸ்பியிலிருந்து, நிறுவாமலே ஓடும் 'டிரை' முறையில் உள்ளே போய் முதலில் படங்களை வெளியே எடுத்துவிட்டு எனக்கு எழுது.

இதோடு முடியாது, இன்னொன்றும் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். நீக்கியது ஸ்வாப்தான் என்றால், சரிசெய்த பிறகும் கணினி கிளம்பும்போது 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று ஒன்றரை நிமிடம் நிற்கும். இல்லாமல் போன ஸ்வாப்புக்காக, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி காத்திருக்கிறது, 90 வினாடி அதன் வழக்கமான பொறுமை. ஈடிசிக்குள், எந்தெந்தப் பார்ட்டிஷனைச் சேர்ப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் என்கிற கோப்பைத் திற, ஸ்வாப் என்று இருக்கும் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போடு. அதற்கு முன்பேகூட, 'ரெஸ்யூம்' என்ற சொல்லோடு கொஞ்ச நேரம் முழிக்கலாம். தூங்கிய கணினியை எழுப்பும் வேலைக்காக, கிளம்பும்போது முதலில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் ஸ்வாப்பின் பழைய யூயூஐடி உட்கார்ந்திருக்கும். ஈடிசிக்குள் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டரில், கான்ஃப்.டி உள்ளே ரெஸ்யூம் என்ற கோப்பு இருந்தால் அதிலுள்ள வரியை 'ரெஸ்யூம்' சமக்குறி 'நன்' என்று மாற்றிவிட்டு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை யூ ஆப்ஷனோடு ஓட்டினால் போதும். நீ போட்டது உபுண்டு வகை என்பதால் இந்தப் பெயர்கள் பொருந்தும், ஃபெடோராவில் வேறு.

எஃப்எஸ்டேப்பைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் கேட்டுக்கொள். நீ வெளி டிஸ்க் ஒன்றை நிரந்தரமாகச் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். சேர், ஆனால் அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல்லைப் போட்டுவை. அது இல்லாமல், என்றைக்காவது அந்த டிஸ்க்கைச் செருகாமல் கிளப்பினால் கணினி எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும், ஒரு டிஸ்க் காணவில்லை என்பதற்காக மொத்தமும் நிற்பது எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் லிலோ என்ற பழைய பூட்லோடர் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எல், ஐ, எல், ஓ என்று நான்கு எழுத்தை ஒவ்வொன்றாக அச்சிடும், ஒவ்வொரு கட்டம் தாண்டியதும் ஓர் எழுத்து. 'எல்ஐ' என்று நின்றுவிட்டால் இரண்டாம் கட்டம் ஏறிவிட்டது, ஆனால் ஓடவில்லை என்று அர்த்தம். அவ்வளவு சிக்கனமான பிழைச் செய்தியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. லினக்ஸின் மைய நிரலான கர்னலை மாற்றிவிட்டு லிலோவை ஓட்ட மறந்தால் பட்ட பாடும் மறக்கவில்லை, அதனால் அது திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நான்கு எழுத்து சொன்னதைத்தான் இன்றைக்கும் திரை சொல்கிறது, கொஞ்சம் நீட்டி. தயாரிப்பாளரின் சின்னத்தோடு நின்றால் மதர்போர்டிலேயே இருக்கும் ஃபர்ம்வேர், கிரப் என்ற பெயரோடு நின்றால் பூட்லோடர், பிஸிபாக்ஸ் ஷெல்லில் இனிட்ராம்எஃப்எஸ் என்று நின்றால் கர்னல் ஏறிவிட்டது, ரூட் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை, ஸ்டார்ட் ஜாப் என்று வந்தால் அதையும் தாண்டியாயிற்று. எங்கே நின்றது என்று தெரிந்தால் அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். இதைக் கெடுப்பது 'கொயட் ஸ்பிளாஷ்' என்கிற இரண்டு சொல். அழகான சின்னம் ஒன்றைச் சுற்றவிட்டு உள்ளே நடப்பதை மறைத்துவிடுகிறது. என் கணினிகளில் முதல் வேலையாக அதை எடுத்துவிடுவேன்.

பட்டியல் வந்த பிறகு திரை சும்மா கறுப்பாக நின்றால் அது வேறு கதை, பெரும்பாலும் கிராபிக்ஸ். பட்டியலில் 'ஈ' விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்தக் கொயட் ஸ்பிளாஷை எடுத்துவிட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 தட்டினால் மங்கலாகவாவது திரை வரும். அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதே, சரியான டிரைவரைப் போடுகிற வரைக்கும்தான் அது.

உன் பெண்ணின் மடிக்கணினி விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸ் போட்டு முடிந்தது என்று காட்டியது, ஆனால் நேராக விண்டோஸ் போகிறது என்றாயே, அது உன் கணினி மாதிரி இல்லை, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ. அங்கே முதல் செக்டார் விளையாட்டெல்லாம் கிடையாது, ஃபேட்32-இல் ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும், ஒவ்வொரு இயங்குதளமும் தன் பூட்லோடர் கோப்பை அதில் வைக்கும், எதை முதலில் கிளப்புவது என்ற வரிசையை மதர்போர்டின் நினைவகம் வைத்திருக்கும். முதலில் யுஎஸ்பியில் ஏறி, சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒன்று இருக்கிறதா பார்க்கச் சொல். இல்லை என்றால் யுஎஸ்பி பழைய முறையில் கிளம்பியிருக்கிறது. லினக்ஸை நிறுவியபோதும் அப்படித்தான் நடந்திருக்கும், ஏனென்றால் பூட் மெனுவில் ஒரே யுஎஸ்பி இரண்டு முறை தெரியும், யூஇஎஃப்ஐ என்று முன்னால் எழுதியிருப்பதைத் தேர்ந்திருக்க வேண்டும். இருக்கிறது என்றால் நல்லது, 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' ஓட்டினால் வரிசை தெரியும், லினக்ஸ் பின்னால் இருந்தால் ஃபர்ம்வேர் அமைப்பிலேயே முன்னால் கொண்டுவரலாம். சில மடிக்கணினிகள் வரிசையை மதிப்பதே இல்லை, யார் என்ன சொன்னாலும் விண்டோஸ்தான். அவற்றுக்கு கிரப்-இன்ஸ்டாலை 'ரிமூவபிள்' ஆப்ஷனோடு ஓட்டிப் பார்க்கலாம், அது கோப்பைப் பொதுவான இடத்தில் வைக்கும், சிலவற்றில் பலிக்கும்.

கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் ஏறவிடும் செக்யூர் பூட்டை உடனே அணைத்துவிடச் சொல்லி யாராவது சொல்வார்கள், கேட்காதே. உபுண்டுவும் ஃபெடோராவும் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரல் வழியாகத்தான் ஏறுகின்றன, செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருக்கும்போதே லினக்ஸ் கிளம்பும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களைத் தடுத்து, இரண்டு இயங்குதளம் வைத்திருந்த பலரை 'எஸ்பிஏடி' பிழையோடு நிறுத்தியது உண்மை. அதற்கும் மருந்து புதிய ஷிம்தான். எப்படியிருந்தாலும், ஃபர்ம்வேரில் எதைத் தொடுவதற்கு முன்பும் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவைக்கச் சொல். செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம், அப்போது எண் கையில் இல்லையென்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நாளைக்கு லினக்ஸ் முதலில் வந்து பட்டியலில் விண்டோஸ் காணோம் என்று அவள் அழைத்தால், கிரப் 2.06-இலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடுவதை இயல்பாகவே நிறுத்திவிட்டார்கள். ஈடிசிக்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் கிரப் கோப்பில் 'டிசேபிள் ஓஎஸ் புரோபர்' வரியை ஃபால்ஸ் ஆக்கி அப்டேட்-கிரப் ஓட்டினால் வந்துவிடும்.

பாலா அடுத்த மாதம் வருகிறானாம், மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று. அதற்குள் எல்எஸ் என்ன காட்டியது என்று எழுது. என் ஊகம் தவறி 5-க்குப் பதிலாக 7 என்றெல்லாம் வந்தாலும் பரவாயில்லை, பூட் ஃபோல்டர் எதற்குள் இருக்கிறது என்பதை மட்டும் பார். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி