வண்ணமீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டம் 10 நடந்தது. சித்திரைத் திருவிழா மாதத்திலும் தீபாவளி மாதத்திலும் நடத்தவில்லை. சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்கு 9 பேர் போய்வந்தோம். பொங்கல் விடுமுறையில் குழந்தைகளுக்கான கப்பி மீன் காட்சி நல்லபடியாக முடிந்தது.

இனி உறுப்பினர்களுக்கு மீன்தொட்டிச் செடி வழங்கிய விஷயம். செயற்குழுவில் இதைக் கேட்டு வாங்கியவன் நான், நடத்தியவனும் நான். சங்கப் பணம் தண்ணீரில் போய்விட்டது என்று சிலர் பேசுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூலையில் 26 பேருக்கு கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்ட், அனுபியாஸ், வேலிஸ்னேரியா கொடுத்தோம். மூன்று வாரத்துக்குள் 15 பேர், "செத்துப்போச்சு, தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். அவற்றில் பாதிக்கு மேல் உயிரோடுதான் குப்பைக்குப் போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலிஸ்னேரியா தவிர மற்ற மூன்றையும் பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள். வேர் ஈரத்தில் இருக்கும், இலை காற்றில் இருக்கும். அப்படி வளர்ந்த இலை, தொட்டிக்குள் மூழ்கியதும் சரியாக வேலை செய்யாது. செடி அதைக் கைவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற மெல்லிய இலையைப் புதிதாக விடும். கிரிப்டோகோரைன் இன்னும் ஒரு படி மேலே. தண்ணீர் மாறினாலும் வெளிச்சம் மாறினாலும் இடம் மாற்றி நட்டாலும், இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி நான்கைந்து நாளில் கூழாகிவிடும். அப்போது பார்க்க வேண்டியது வேரைத்தான். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறதா, செடி பிழைக்கும். கறுத்துக் குழைந்து நாறினால் மட்டுமே எறியலாம். அழுகிய இலையை அன்றைக்கே நறுக்கி எடுத்துவிடுங்கள். விட்டால் தண்ணீரில் அம்மோனியா ஏறி மீனுக்கு ஆபத்து.

செல்லூர் அண்ணன் எறிவதற்காகப் பையில் கட்டி வைத்திருந்த செடியை நான் வாங்கிப் பார்த்தேன். வேர் கெட்டி. இலையை வழித்துவிட்டு அவர் தொட்டியிலேயே திரும்ப நட்டோம். 24ஆம் நாள் இரண்டு இலை வந்தது. மார்கழியில் அதன் பக்கக்கன்றுகளை அவர் மூன்று பேருக்குக் கொடுத்தார். இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

அனுபியாஸ் கதை வேறு. நான்கு பேர் அதன் தண்டுக்கிழங்கை, அதாவது இலையும் வேரும் கிளம்பும் தடித்த தண்டை, சரளைக்குள் புதைத்துவிட்டார்கள். அப்படிப் புதைத்தால் பெரும்பாலும் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டி வைத்தால் போதும், ஜாவா ஃபெர்ன் என்ற செடிக்கும் இதே முறைதான்.

பசியாலும் செடி வாடும். கழுவிய சரளையில் சத்து எதுவும் கிடையாது. ஸ்வார்டும் கிரிப்டோகோரைனும் வேரால் சாப்பிடுகிறவை, அவற்றின் அடியில் உர மாத்திரை வைக்க வேண்டும். பழைய இலையில் பொத்தல் விழுந்தால் பொட்டாசியம் குறைவு, புது இலை வெளிறினால் இரும்புக் குறைவு. பொட்டாசியத்தைப் பழைய இலையிலிருந்து இழுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடிக்குத் தெரியும், இரும்பை அப்படி நகர்த்த முடியாது. லைட் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். வாடுகிறதே என்று இன்னும் நான்கு மணி நேரம் கூட்டினால் பாசிதான் கொழுக்கும்.

போர்த் தண்ணீரின் உப்புக்குப் பயந்து முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கவனிக்கவும். அதில் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இருக்காது, போர்த் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் கலந்து ஊற்றுங்கள். வேலிஸ்னேரியா கடினத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் என்ற உப்பிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், நம் ஊர்த் தண்ணீருக்குத் தோதான செடி. அப்புறம் மே மாதத்தில் மொட்டை மாடி அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் காற்று படும்படி சின்ன ஃபேன் ஒன்று வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

இவ்வளவையும் ஜூலை இரண்டாம் ஞாயிறு செய்முறையாகவே காட்டினேன். செடி வாங்கிய 26 பேரில் அன்று வந்தவர்கள் 8 பேர். ஒவ்வொருவருக்கும் முதல் நாள் போன் செய்து சொல்லியிருந்தேன். வந்த 8 பேரில் 7 பேரின் செடி இன்றும் இருக்கிறது. பணம் தண்ணீரில் போய்விட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்கள் வராதவர்கள்தான். அது எனக்கு வருத்தம், அதை மறைக்க விரும்பவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரம் பொருளாளரின் நோட்டில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். 17 பேர் சந்தா பாக்கி. பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை. உர மாத்திரைக்கும் பண்ணைச் செடிக்கும் பாதிப் பணம் என் கையிலிருந்து போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கூட்டத்துக்கு மாடியைத் தந்த தலைவருக்கும், காபி கொடுத்த அவர் வீட்டாருக்கும், காட்சிக்குத் தொட்டி இரவல் தந்த கடைக்காரர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் செடி வழங்க ஆசைதான். பண்ணையில் வாங்கத் தேவையில்லை. என் வீட்டு மாடியில் நான்கு தொட்டிகளில் தண்ணீருக்குள்ளேயே வளர்த்த கிரிப்டோகோரைன் 40 இருக்கும், பண்ணைச் செடி அளவுக்கு இலை கொட்டாது. ஆனால் நான் இருப்பது வாடகை வீடு. பங்குனியில் மாடியில் அறை கட்டுகிறார்கள், தொட்டிகளை எடுத்தாக வேண்டும். நிழலும் குழாயும் உள்ள மாடி யாரிடமாவது இருந்தால் மாசி முடிவதற்குள் சொல்லுங்கள். தூக்கிவந்து வைப்பதும் வாரம் ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றுவதும் என் பொறுப்பு. நான் தொட்டி வைக்க வரும் அன்றே சந்தா பாக்கியைக் கொடுத்தாலும் சரி, ரசீது புத்தகம் என்னிடம்தான் இருக்கும்.