டிரைவிங் ஸ்கூல்காரர் போனில் கிடக்கும் ஆதார்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் வங்கி, செல்போன் கம்பெனி, சமூக வலைத்தளம் என்று பெரிய இடங்களைப் பற்றித்தான். ஒரே காரை வைத்துக்கொண்டு, முதலாளி, பயிற்றுநர், கணக்குப்பிள்ளை எல்லாமே தானாக இருக்கும் என்னைப் போன்ற டிரைவிங் ஸ்கூல்காரர்களையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்தும் என்பதை யாரும் சொல்லக் காணோம்.

எங்களிடம் சேருகிறவர் முதல் நாளே ஆதார், பிறந்த தேதிச் சான்று, போட்டோ, கையெழுத்து எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்க அவை வேண்டும், சரி. ஆனால் டெஸ்ட் முடிந்து லைசென்ஸ் தபாலில் வீடு வந்து சேர்ந்த பிறகும் அவை பயிற்றுநரின் போனிலேயே கிடக்கின்றன. போனை மாற்றினால் புதுப் போனுக்கும் கூடவே வந்துவிடுகின்றன. கேலரியைத் திறந்தால் பேத்தியின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் ஆதார் அட்டை. இது எங்கள் தொழிலில் சர்வ சாதாரணம்.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். பாஸானவரைக் கையில் லைசென்ஸோடு நிற்க வைத்துப் படமெடுத்து, விளம்பரமாகப் போட்டுவிடுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கினால் பிறந்த தேதி, அப்பா அல்லது கணவர் பெயர், முகவரி என்று ஒவ்வொன்றாகப் படிக்கலாம். கார் பழக வருகிறவர்களில் பெண்கள் நிறைய. அவர்கள் நம்பர் மட்டுமல்ல, எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு வண்டி ஏறுகிறார்கள் என்பதுவரை எங்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டார் எங்களை நம்பித்தான் அனுப்புகிறார்கள். சில ஸ்கூல்களில் ஓ.டி.பி. வாங்கச் சுலபம் என்று விண்ணப்பத்தில் மாணவரின் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் நம்பரையே கொடுத்துவிடுகிறார்கள். பின்னாளில் முகவரி மாற்ற வேண்டும் என்றால் அவர் ஓ.டி.பி.க்காக இவர்களிடமே வந்து நிற்க வேண்டியதுதான்.

2023 ஆகஸ்டில் வந்த சட்டம் இது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. கடமைகளில் பெரும்பாலானவை 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும், கசிந்துவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்றதும் சக பயிற்றுநர் ஒருவர் கடையையே மூடிவிடலாமா என்று கேட்டார். அது உச்ச வரம்புதான். தவறு எவ்வளவு பெரியது என்று பார்த்துத்தான் வாரியம் தொகையை முடிவு செய்யும்.

அப்புறம், எல்லாவற்றையும் அழித்துவிட்டால் ஆர்.டி.ஓ. பதிவேட்டைக் கேட்பாரே என்ற குழப்பமும் இருக்கிறது. 1989 மோட்டார் வாகன விதிகளின்படி மாணவர் பதிவேட்டைப் படிவம் 14இலும், ஓட்டிப் பழகிய நேரத்தைப் படிவம் 15இலும் எழுதி வைத்தாக வேண்டும். வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொல்வதைப் புதுச் சட்டம் அழிக்கச் சொல்லவில்லை. மேலும், வெறும் காகிதத்தில் மட்டும் இருப்பதற்கு அது பொருந்தாது. பதிவேட்டுப் பக்கத்தைப் போனில் படமெடுத்தால் பொருந்தும்.

சக பயிற்றுநர்கள் 2027 வரை காத்திருக்க வேண்டாம். லைசென்ஸ் வந்ததும் மாணவரின் ஆவணங்களை அழித்துவிடுங்கள். கேலரியில் அழித்தால் மட்டும் போதாது. வாட்ஸ்அப் உரையாடலிலும் கூகுள் போட்டோஸிலும் குப்பைத்தொட்டியிலும் இருக்கும். ஸ்டேட்டஸ் போடுவதென்றால் அவரிடம் கேட்டு, அட்டை இல்லாமல் போடுங்கள்.

போக்குவரத்துத் துறையிடம் ஒரு கோரிக்கை. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள இந்திய மொழிகளில் ஒன்றிலோ பெறும் உரிமையைச் சட்டம் மாணவருக்குத் தருகிறது. அதில் தமிழும் உண்டு. ஆனால் வக்கீல் வைத்து எழுதி வாங்க ஒற்றைக் கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. ஒரு பக்கத்தில் மாதிரி அறிவிப்பும், எதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்ற விளக்கமும் தமிழில் தயாரித்து, மாநிலத்தின் எல்லா ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள் வழியாகவும் 2027 மே மாதத்துக்கு முன்பே எங்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டுநர் பயிற்றுநர்,
திண்டுக்கல்