ஞாயிறு காலைல கௌசிகா பள்ளம் கிளீனிங்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வர்ற ஞாயிறு, செப்டம்பர் 14, காலைல 6.30 மணிக்கு நம்மூரு தடுப்பணைகிட்ட எல்லாரும் வந்துருங்க. 9.30க்கு முடிச்சரலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னாடியே இத முடிச்சாகணும். குருடி மலைல பேயற தண்ணிதான் இந்த பள்ளத்துல, அதாவது ஓடைல, கோவில்பாளையம், தெக்கலூர்னு வந்து வஞ்சிபாளையம் பக்கம் நொய்யல்ல சேருது, வருசம் பூரா ஓடற ஆறு இல்லீங்க இது, மழைக்கு வர்ற தண்ணிய தடுப்பணைல நிறுத்துனாத்தான் சுத்துப்பட்டு கெணறு, போர்லயெல்லாம் ஊறும். இப்ப போய் பாருங்க, சுவத்த ஒட்டி மண்ணு மேடு தட்டி, அதுமேல சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நிக்குது, முள்ளு பூரா பாலித்தீன் கவர். பாக்கவே மனசு கஷ்டமா இருக்குதுங்க.

1. அருவா, மம்முட்டி, சாந்து சட்டி இருக்கறவங்க கொண்டாங்க.
2. ஷூ கட்டாயம். செருப்புன்னா கருவேல முள்ளு ஏறிரும்.
3. வேம்பு, புங்கன்ல கை வைக்காதீங்க, ஆடு மேய்க்கறவங்களுக்கு மத்தியானம் அந்த நெழல்தான். கரையோர கோரையும் இருக்கட்டும், மண்ண புடிச்சு நிக்கறதே அதுதான்.
4. வண்டல் அள்ள டிராக்டர் வேண்டாம், அதுக்கு தாலுகா ஆபீஸ் அனுமதி வேணும்.
5. கோழிக்கழிவ பள்ளத்துல கொட்டறத தயவுசெஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க.

வீட்டுக்கு எத்தன பேர் வர்றீங்கன்னு வெள்ளி ராத்திரிக்குள்ள இங்கயே போடுங்க, டிபன் சொல்லோணும்.