ஆண் கடல், பெண் கடல்

மதுரை
ஜூன் 3, 2025

அன்புள்ள வசந்தி,

அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. மாடிப்படி ஏற விடாதே. அவர் கேட்கமாட்டார், தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

“இந்த அக்னி நட்சத்திரத்தில் இரண்டு பொடிசுகளைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போனாயாமே, பைத்தியமா உனக்கு?” என்று வாட்சப்பில் கேட்டிருந்தாய். கட்டைவிரலால் பதில் சொல்லி மாளாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். மே மாதத்தை விட்டால் வேறு எப்போது போவது, சொல்? பள்ளிக்கு லீவு, இவருக்கும் ஐந்து நாள் லீவு கிடைத்தது. பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. இரண்டும் கடலை டிவியில் மட்டுமே பார்த்தவை.

இன்னொரு காரணம் பாம்பன் பாலம். ரயில் என்றால் பெரியவன் சோறு தண்ணீர் மறந்துவிடுவான். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ரயில் இந்தக் கரையில் இருக்கும் மண்டபம் ஸ்டேஷனோடு சரி. இந்த ஏப்ரல் 6ஆம் தேதிதான் புதுப் பாலம் திறந்தது. பழையது 1914இல் கட்டியது, நடுவில் இரண்டு கைகளைத் தூக்குவது போல விரிந்து கப்பலுக்கு வழிவிடும், ஞாபகம் இருக்கிறதா? புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகுமாம். நாங்கள் போன நேரம் கப்பலும் வரவில்லை, ஒன்றும் தூக்கவில்லை. பெரியவன் மண்டபத்திலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்துவிட்டு, “தூக்கலையே!” என்று அழாத குறை. நான் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2008இல் அதன் மேல்தானே காற்று உன் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கேள்விக்கு என் பதில்: போகலாம், ஆனால் எந்தக் கடல் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே கடல் ஒன்றல்ல, இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்களுக்கு வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று ஏற ஆரம்பித்துவிடும். தெற்கே அலை ஆளைப் புரட்டும். வடக்கே குளம் மாதிரி கிடக்கும். பெயர் வைத்தவன் நிச்சயம் ஆண்தான் என்று நான் சொன்னதற்கு என் மாமியார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான பத்து வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

முதல் இரண்டு நாளும் அரியமான் கடற்கரைதான், உச்சிப்புளி பக்கம். சவுக்குத் தோப்பு, அதை ஒட்டி மணல், அதை ஒட்டி முழங்கால் அளவுத் தண்ணீர். கொஞ்ச தூரம் உள்ளே நடந்தாலும் சின்னவளுக்கு இடுப்பு அளவுதான். காலை ஆறு மணிக்கு இறங்கினால் எட்டரைக்குக் கரையேற்றிவிடுவேன். அதற்குப் பிறகு மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. மறுபடி மாலை நாலரைக்கு மேல்தான். நடுவில் பிள்ளைகளுக்குத் தோப்பு நிழல், நுங்கு, தூக்கம். முழுக்கைப் பருத்திச் சட்டையோடுதான் தண்ணீரில் விட்டேன். ஆனாலும் அறைக்குத் திரும்பியதும் அத்தை சொன்ன முதல் வார்த்தை, “பிள்ளை கறுத்துப்போச்சே!” கறுக்கட்டும் அத்தை, கடல் பார்த்த கறுப்பு.

குளம் மாதிரிக் கடல் என்றேன் அல்லவா? அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. இரண்டாம் நாள் காலை, காற்றடித்த பந்து ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தோம். தெற்கிலிருந்து வரும் காற்று வடக்குக் கரையில் என்ன செய்யும்? கரையிலிருந்து கடலுக்குள்ளே தள்ளும். அலையே இல்லாத தண்ணீரில் அந்தப் பந்து சறுக்கிக்கொண்டு போகிறது. இவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போகிறார். நாலு எட்டில் பிடித்துவிடலாம் போலத்தான் தெரிகிறது, ஆனால் பந்து எட்டவே மாட்டேன் என்கிறது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கத்தினார்: “தம்பி, விடுங்க! கச்சான் காத்து. பந்து போனா போகட்டும், நீங்க திரும்புங்க!” இவர் திரும்பி நின்றபோது தண்ணீர் மார்பு அளவு. இவருக்கு நீச்சல் கிணற்று நீச்சல்தான் என்று உனக்கே தெரியும். அதோடு சின்னவளின் மிதவை வளையத்தின் காற்றைப் பிடுங்கி மடித்துப் பையில் போட்டுவிட்டேன். அவள் அழுதாள், அழட்டும்.

அந்தப் பெரியவரிடம்தான் மீனைப் பற்றியும் தெரிந்துகொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, நாட்டுப்படகு மட்டும்தான் போகிறது. ராமேஸ்வரம் போய் வஞ்சிரம் வறுவல் என்று கனவு கண்டதெல்லாம் வீண். விலையைக் கேட்டதும் நண்டுக்கு இறங்கிவிட்டோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு ஓட்டை உடைத்துக் கொடுத்தே என் சாப்பாடு ஆறிப்போனது.

இனி நான் செய்த தப்பு. மூன்றாம் நாள் தனுஷ்கோடி. வேன்காரர் வந்ததே பத்தரைக்கு. அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று ஏறிவிட்டேன். அதன் கடைசி முனையான அரிச்சல்முனையில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. நிழல் என்று ஒரு துண்டு கிடையாது. காற்று ஓயாமல் அடித்ததால் வெயிலே தெரியவில்லை. வியர்வை அப்போதைக்கப்போது காய்ந்துவிடுகிறது, பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கிறாள், நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். திரும்பும்போது சின்னவள் என் மடியில் துவண்டு படுத்துவிட்டாள். உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒரு தடவைதான் சிறுநீர் போயிருக்கிறாள், அதுவும் மஞ்சளாக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தால் தட்டிவிடுகிறாள்.

நல்லவேளையாகப் பையில் ஓஆர்எஸ் பொட்டலம் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக, இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. மடமடவென்று கொடுத்தால் வாந்தி எடுத்துவிடுவாள். ஈரத் துண்டால் கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்துக்கொண்டே வந்தேன். அறைக்கு வந்தும் விடவில்லை. மாலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து, “நண்டு இருக்கா?” என்றாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை இவரிடம் கூடச் சொல்லவில்லை. (பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்.)

அந்தப் பயம் கழிந்த பிறகு யோசித்தால், அன்றைய நாளில்தான் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள். நாம் போனபோது முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ரோடே கிடையாது. மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போன வேனில் உன் தலை கூரையில் இடித்து வீங்கியது. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு. பவளக்கல்லில் கட்டிய இடிந்த தேவாலயம் மட்டும் அப்படியே நிற்கிறது. பெரியவன் கேட்டான், “யாரும்மா உடைச்சது?” 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலடித்ததையும், கடல் ஏறி வந்து ஊரையும் ரயிலையும் கொண்டுபோனதையும் சொன்னேன். ரயில் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “எந்தக் கடல்? ஆண் கடலா, பெண் கடலா?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அத்தைதான், “ரெண்டும் சேர்ந்துதான்யா” என்றார்.

அங்கேயே இன்னொன்றும் பார்த்தோம். கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி மணலைக் கையால் தோண்டிக் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. வாங்கிக் குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர்! பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனம் குறைவானதால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும் என்றார். அதிலிருந்து பெரியவன் போகிற இடமெல்லாம் குழி தோண்டுகிறான். எங்கள் தெருவில் குழாய் பதித்த இடம் வரை விட்டுவைக்கவில்லை.

கோயிலுக்குக் கடைசி நாள் போனோம். பக்தியைக் கேட்டால் அத்தையைத்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு 22 தீர்த்தமும் 22 வாளித் தண்ணீர், அவ்வளவுதான். ஒவ்வொரு கிணற்றிலும் தலையில் ஊற்ற ஊற்றக் கூச்சல் போட்டார்கள். பிராகாரத்தின் குளிர்ந்த கல்லில் ஈரக்காலோடு நடந்ததுதான் அந்த ஐந்து நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் என்று வைத்துக்கொள். விடுதி ஏசியைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதத்துக்கே வியர்த்துவிடும்.

அரிச்சல்முனையில் பெரியவன் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். இடப்பக்கக் கடல் ஒன்று, வலப்பக்கக் கடல் ஒன்று. பேனாவால் ‘ஆ’, ‘பெ’ என்று எழுதியும் வைத்தான். வீடு வருவதற்குள் ஈரத்தில் மை கரைந்துவிட்டது. இப்போது டிவி மேசையில் நிற்கின்றன, எது எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சின்னவள் இரண்டிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே கடல்தான்” என்று சொல்லிவிட்டாள். அவன் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

பொங்கல் லீவில் நீயும் வருவதாயிருந்தால் இப்போதே சொல், ரயில் டிக்கெட் போட வேண்டும். அப்போது வாடைக் காற்று அடிக்கும், எல்லாம் தலைகீழ். வடக்குக் கடல் சீறும், தெற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். நான் எழுதிய அரியமான் சமாச்சாரம் எதுவும் உனக்கு உதவாது. பந்து மட்டும் வாங்கிவிடாதே. துப்பட்டாவுக்கு ஊக்கு குத்திக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி