தீர்மானத்தை எழுதிய பிறகு கையெழுத்து கேளுங்கள்: ஆட்சியர்களுக்கும் தனி அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கும், கிராம ஊராட்சிகளின் தனி அலுவலர்களாக இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கும் வணக்கம்.

வருகிற 2026 ஜனவரி 26 கிராம சபைக்கு முன்னால் இது உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். நான் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எங்கள் ஊராட்சிச் செயலர் மேல் புகார் சொல்ல நான் வரவில்லை. பக்கத்து ஊராட்சியையும் சேர்த்து அவர் ஒருவரே பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைகூட அலுவலகம் திறந்திருக்கும். எங்கள் ஊரில் நடப்பது பல ஊர்களிலும் நடக்கிறது என்று குழுக் கூட்டமைப்புக் கூட்டங்களில் கேட்கிறேன். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தெருக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரின் கடைசித் தெரு எங்களுடையது. டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறந்தால் மேலத்தெருவில் குடம் நிரம்பி வழியும். எங்களுக்கு விரல் கனத்தில்தான் வரும், அதுவும் குழாய் உயரத்துக்கு ஏறாது. அதனால் பைப்பை அறுத்துத் தாழ்த்தி, குழாயடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிக்கிறோம். நிறைகுடத்தைக் குனிந்து குழியிலிருந்து தூக்கித் தூக்கி இடுப்பு போனவர்கள் எங்கள் குழுவிலேயே நாலு பேர். மழைக்காலத்தில் அந்தக் குழியில் சாக்கடைத் தண்ணீர் தேங்கும். அதை மொண்டு ஊற்றிவிட்டுத்தான் குடத்தை வைக்க வேண்டும். பெரிய பைப்பாகப் போட்டு, தெருவுக்குத் தனி வால்வு வையுங்கள் என்று மூன்று கிராம சபைகளில் கேட்டோம். மூன்று முறையும் "தீர்மானத்துல சேத்தாச்சும்மா" என்றார்கள்.

போன வருடம் ஒருநாள் காலையில் தெருமுனையில் லாரி வந்து கல் இறக்கியது. பேவர் பிளாக். நாங்கள் யாரும் கேட்கவில்லை, எங்களிடமும் யாரும் கேட்கவில்லை. மண் தெரு மழைக்குச் சேறாகும், கல் பதிப்பது நல்லதுதான். ஆனால் பைப் முதலில், கல் பிறகு என்று அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். வேலைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் குழியைச் சுற்றிச் சதுரமாக இடம் விட்டுவிட்டு மீதித் தெரு முழுக்கக் கல் பதித்துவிட்டுப் போனார்கள். இப்போது பைப் மாற்றுங்கள் என்றால், புதிதாகப் போட்ட ரோட்டை உடைக்க முடியாது என்கிறார்கள்.

ஒன்றிய அரசிடமிருந்து ஊராட்சிகளுக்கு வரும் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எது முதலில் வேண்டும் என்பதில் மேலே இருப்பவர்களுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்றுதான் இதைப் படித்தபோது தோன்றியது. நடுவில் எங்கோதான் வரிசை மாறிப்போகிறது.

சென்ற ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு எங்களுக்கு எப்படித் தகவல் வந்தது தெரியுமா? முதல்நாள் ராத்திரி போன். "குழுவுக்குப் பத்துப் பேர் வந்துருங்கம்மா, கோரம் வேணும்." 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கைக்குக் குழுப் பெண்கள் தேவைப்படுகிறோம். போனதும் பந்தல் வாசலிலேயே நோட்டை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கத்தில் வரிசை எண் போட்டுப் பெயர்கள், கையெழுத்துகள், வயதானவர்களின் கைநாட்டு, நீல மை இன்னும் காயவில்லை. இடது பக்கம் முழுவதும் வெறுமை. தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் அது. "அப்புறம் எழுதிக்குவோம்" என்றார் நோட்டைப் பிடித்திருந்தவர். வரவு செலவை ஒருவர் மைக்கில் படித்தார். தெருவிளக்குப் பராமரிப்பு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் என்று ரயில் ஓடுகிற வேகத்தில் தொகைகள் போயின. தாளைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். "படிக்கிறோம்ல, உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். அந்த வெற்றுப் பக்கத்துக்கு எதிரே என் கையெழுத்தும் இருக்கிறது; அது இன்றுவரை என் மனதை அறுக்கிறது.

ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து தந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து வந்த 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதும், முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையை ஏற்பதும், நடக்கிற பணிகளை ஆராய்வதும் கிராம சபையின் வேலை என்கிறது. ஒப்புதல் தருகிறவருக்கு எதற்குத் தருகிறோம் என்று தெரிய வேண்டாமா? ஆண்டுக்கு நான்கு முறை கூடிய சபையை, மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு நாட்களைச் சேர்த்து 2022-இல் அரசு ஆறாக்கியது. நல்ல காரியம். நாள் கூடியதற்கு ஏற்பப் பேச்சும் கூடியிருக்க வேண்டும்.

இதில் கடந்த ஒரு வருடம் நிலைமை இன்னும் கடினமாகிவிட்டது. 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன் எங்கள் வார்டு உறுப்பினர் எங்கள் தெருப் பெண்தான். பல்ப் எரியவில்லை என்றால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடுவோம். கையில் மீன் செதிலோடு எழுந்து வந்து பதில் சொல்வாள். எல்லாவற்றையும் அவளால் செய்துவிட முடியவில்லை, ஆனால் ஏன் முடியவில்லை என்பதாவது அன்றைக்கே தெரிந்துவிடும். இன்று அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் ஐயா, அம்மா. ஒரு ஒன்றியத்தில் சுமார் முப்பது ஊராட்சிகள் இருக்கும். அத்தனை ஊருக்கும் ஒரே தனி அலுவலர். எல்லாத் தெருவுக்கும் நீங்கள் வர முடியாது என்பது எங்களுக்குப் புரிகிறது. அதனாலேயே கிராம சபையை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இரண்டு பஸ் மாறிப் போய் மனு கொடுத்தோம். சில வாரங்களில் பதில் வந்தது: 'நடவடிக்கைக்காக ஊராட்சிக்கு அனுப்பப்பட்டது.' எங்கிருந்து போனதோ அங்கேயே வந்து நின்றுவிட்டது.

தண்டோரா போடுவதை 2022-இல் அரசு நிறுத்தச் சொன்னது. பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக யார் நடந்தார்கள், யார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதை நினைத்தால் அது என்றைக்கோ நின்றிருக்க வேண்டிய வழக்கம். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்க வேண்டும் என்பது அன்று சொன்ன மாற்று ஏற்பாடு. எங்கள் ஊரில் அந்த வண்டி வரவேயில்லை. அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். அங்கே நின்று படிக்க எங்கள் பெண்களுக்கு நேரமில்லை. ரேஷன் கடையில் ஒட்டுங்கள், பள்ளிக்கூட வாசலில், பால் ஊற்றும் இடத்தில், காலனியின் பொதுக்குழாயில் ஒட்டுங்கள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே, வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலம் வண்டி விடுங்கள். என்ன பேசப் போகிறோம் என்ற பொருள் நிரலையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று தெரிந்தால் எங்கள் தெருவே வரும், கோரத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

ஒரே ஒரு காரியம்தான் உடனே செய்ய முடியும் என்றால் நான் கேட்பது இதுதான். தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதி, எழுதியதை உரக்க ஒருமுறை படித்துக் காட்டி, அதற்குப் பிறகு நோட்டைக் கையெழுத்துக்கு அனுப்புங்கள். கூடுதல் செலவு ஒரு ரூபாய் கிடையாது. அப்படியே, கூட்டம் தொடங்கும்போது போன சபையின் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள், காரணத்தோடு. பணம் இல்லை, அடுத்த வருடம்தான் என்றால் காத்திருப்போம். காத்திருந்து பழகியவர்கள்தான் நாங்கள். வரவு செலவுத் தாளைப் பெரிய எழுத்தில் ஒரு பேனராக அடித்துப் பந்தலில் கட்டிவிட்டால், மைக்கில் அவசரமாகப் படிக்க வேண்டிய தேவையும் இருக்காது.

கிராம சபையை ஒரே இடத்தில் நடத்தாமல் குடியிருப்பு மாற்றிச் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் தெருவில் இதுவரை ஒருமுறையும் நடந்ததில்லை. குழாய்க்குப் பக்கத்திலேயே பெரிய வேப்பமரம் ஒன்று நிற்கிறது, நூறு பேர் நிழலில் உட்காரலாம். பாய் நாங்கள் விரிக்கிறோம். ஜனவரி 26 எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாள். கூட்டம் பதினோரு மணிக்கு என்றாலும் நீங்கள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டால், குழிக்குள் இருந்து குடம் எப்படி மேலே வருகிறது என்று பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடைசித் தெருவிலிருந்து ஒரு குழு ஊக்குநர்