ஒரு கிளை மட்டும் சிவந்தால்

திருவையாறு
ஐப்பசி 10

அன்புள்ள கோவிந்தராஜனுக்கு,

நலம், நலமறிய ஆவல். சிம்லாக் குளிர் உன் முழங்காலைப் பாடாய்ப் படுத்தவில்லை என்று நம்புகிறேன். கோட்கர் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் ஆப்பிள் மரத்தின் ஒரே கிளையில் மட்டும் பழங்கள் முன்கூட்டியே சிவந்து நின்றனவென்றும், யாரோ அதில் வேறு வகையை ஒட்டியிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் அப்படி நேரும்.

என் கொல்லையில் நடந்ததைக் கேள். நான்கு ஆண்டுகளுக்கு முன் வைத்த செவ்வாழையின் பக்கக்கன்று ஒன்று இந்த ஆனியில் பச்சைத் தண்டும் பச்சைத் தாருமாக நின்றது. கன்று கொடுத்தவன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டித் தீர்த்த பிறகுதான், அதன் தாய்வாழை சிவப்புத் தாரே தள்ளியது நினைவுக்கு வந்தது. செவ்வாழை இப்படிப் பச்சைக்குத் திரும்புவது வாழை ஆராய்ச்சியாளர்களுக்குப் பழைய செய்தியாம்.

ஆப்பிளிலும் இதுவே நடக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் மரபுச் செய்தி படியெடுக்கப்படுகிறது. எப்போதாவது அதில் பிழை விழும். மொட்டின் நுனியிலுள்ள செல்லில் அது விழுந்தால், அம்மொட்டிலிருந்து வளரும் கிளை அதைச் சுமக்கும். நுனியின் ஒரு பகுதியோடு நின்றுவிட்டால், பழத்தில் ஒரு பட்டை மட்டும் நிறம் மாறித் தெரியும். சில வேளை, அந்தச் செய்தியைத் தாங்கும் மரபிழையில் (டி.என்.ஏ.) இடம்விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று புதிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கனடாவின் கெலோனாவில் 1960-களில், மெக்கின்டாஷ் என்ற வகை ஆப்பிள் மரமொன்றில் பக்கக்கிளையே அதிகம் விடாமல் கம்பம்போல் நிமிர்ந்து வளர்ந்த ஒற்றைக் கிளைக்கு அத்தகைய துண்டுதான் காரணம் என்று பின்னாளில் கண்டார்கள். மரபணு மாற்றம் என்றதும் உன் மகன் முகம் சுளிப்பான்; இது ஆய்வகத்தில் செய்ததன்று, மரம் தானே செய்துகொண்டது என்று சொல்.

ஆப்பிள் பெரும்பாலும் அயல்வகை மகரந்தத்தால் காய்ப்பதால், விதையிலிருந்து முளைக்கும் கன்று தாயைப்போல் இராது. ஆகவே மாறிய கிளையின் குச்சியை வெட்டி ஒட்டினால்தான் அம்மாற்றம் நிலைக்கும். நாம் கட்டை வைத்து வாழை வளர்ப்பது போலத்தான்.

நீ பார்த்த மலைக்கு, அங்கே குடியேறிய அமெரிக்கரான சத்தியானந்த ஸ்டோக்ஸ் 1916-இல் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ரெட் டெலிசியஸ் வகை ஆப்பிள், அமெரிக்காவின் அயோவாவில் ஒரு விவசாயி நடாமலே முளைத்த கன்றின் வழிவந்தது. 1920-களில் நியூஜெர்சியில் அவ்வகை மரமொன்றின் ஒரு கிளை மற்றவற்றுக்கு முன்பே முழுச் சிவப்பாகியது. அதிலிருந்து ஸ்டார்கிங் என்ற வகை பிறந்தது. உன் கோட்கர் கிளையைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் இன்னும் சிவந்த கிளையையே தேடித் தேடி ஒட்டினார்கள். அவசரத்தில் நாக்கைக் கேட்க மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். நம் தஞ்சாவூர்க் கடைகளில் அழகாக அடுக்கியிருக்கும் அந்தப் பழத்தை வாங்கித் தின்று ஏமாந்தவன் நான். ராயல் காலா என்ற வகை பரவாயில்லை. அதுவும் காலா மரத்தில் தானாகத் தோன்றிய மாற்றந்தான்.

தோட்டக்காரரிடம் அந்தக் கிளையில் ஒரு கயிற்றைக் கட்டச் சொல். அடுத்த இரண்டு பருவமும் அதே நிறம் காட்டினால், இலையுதிர்ந்த குளிர்காலத்தில் குச்சி எடுத்து ஒட்டிப் பார்க்கட்டும். அதற்குமுன் ஒரு பழத்தை நறுக்கி நீயே தின்று பார்.

என் பச்சைத் தார் போன வாரம் மஞ்சளாகப் பழுத்தது. சுவையில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அதன் கன்றைத் தனியே பிரித்து வாய்க்கால் ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்